நின்றுபோன டூ-ஸ்ட்ரோக்: உதைத்துக் கிளப்புவதா, இன்ஜினைப் பிரிப்பதா?

பல வருடம் ஓடாமல் நின்ற டூ-ஸ்ட்ரோக் வண்டியைத் திரும்ப ஓட்ட நினைப்பவருக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான். புது பிளக் போட்டு, அரை லிட்டர் பெட்ரோல் ஊற்றி, நாலு உதை உதைத்துப் பார்ப்போம். நிறைய வண்டிகள் அதற்கே ஸ்டார்ட் ஆகிவிடும். பழைய சத்தம் கேட்டதும் வீட்டில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அந்த வாரக் கடைசியிலேயே வண்டி ஈசிஆர் பக்கம் கிளம்பிவிடும். அங்கேதான் எனக்குப் பயம். டூ-ஸ்ட்ரோக்கைப் பொறுத்தவரை, ஸ்டார்ட் ஆகிவிட்டது என்பதை வைத்து இன்ஜின் நல்லா இருக்கிறது என்று முடிவு கட்டவே கூடாது.

நம் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். சுத்தம் செய்து அப்படியே கிளப்புவது ஒன்று. சிலிண்டரையும் அதன் மூடியான ஹெட்டையும் மட்டும் கழற்றிப் பார்த்து, சீல்களைச் சோதித்து, கெட்டதை மட்டும் மாற்றுவது இன்னொன்று. இன்ஜினை இறக்கி, அதன் வெளிக்கூடான கேஸை இரண்டாகப் பிளந்து, பிஸ்டனின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் வரை எல்லாவற்றையும் சரிசெய்வது மூன்றாவது. சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் வேறொரு இன்ஜினை வாங்கி மாட்டிவிடுவது நான்காவது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கையில் இருக்கும் பணம் மட்டும் தீர்மானிக்க முடியாது. வண்டி எங்கே நின்றது, எப்படி நின்றது, அதன் கிராங்க் அறை இன்னும் காற்றைப் பிடித்து வைக்கிறதா, இந்த மூன்றும்தான் தீர்மானிக்க வேண்டும்.

கீழ்ப்பாதியில் என்ன நடக்கிறது

ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினில் அடியில் ஆயில் தேங்கி நிற்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. பெட்ரோலும் ஆயிலும் காற்றும் கலந்த கலவைதான் கிராங்க் அறைக்குள் போய், அங்கே அழுத்தப்பட்டு, பிறகு சிலிண்டருக்கு மேலேறுகிறது. கிராங்க் பேரிங்குக்கும் கனெக்டிங் ராடின் அடிமுனைக்கும் கிடைக்கும் எண்ணெய் அந்தக் கலவையில் இருப்பது மட்டும்தான். வண்டி நின்றதும் பெட்ரோல் ஆவியாகிவிடும். மெல்லிய எண்ணெய்ப் படலம் கொஞ்ச காலம் தாங்கும். அதற்கப்புறம் ஈரக் காற்று உள்ளே வந்து, கிராங்க் அறையின் அடியில் படிந்து, பேரிங்கின் கீழே இருக்கும் குண்டுகளில் துரு பிடிக்க வைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

அடுத்தது சீல். கலவையைக் கிராங்க் அறைக்குள் அழுத்த வேண்டுமென்றால் அந்த அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். அதற்காகக் கிராங்கின் இரண்டு முனையிலும் ஆயில் சீல் உண்டு. பல வருடம் அசையாமல் நின்றால் சீலின் ரப்பர் உதடு இறுகி, கிராங்கின் தண்டோடு ஒட்டிக்கொள்ளும். முதல் உதையில் அந்த உதடு பிய்ந்தும் போகலாம். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டு, வெள்ளைப் புகை நிற்காமல் வரும். கியர் ஆயில் அளவும் குறையும். இது கண்ணுக்குத் தெரியும், அதனால் ஆபத்து குறைவு. வண்டிக்கு மின்சாரம் தரும் மேக்னட் இருக்கும் பக்கச் சீல் போனால் புகை வராது. வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவை மெலிந்துவிடும். பெட்ரோலில் கலந்து ஆயில் வரும் வண்டியில், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்தது என்று அர்த்தம். வண்டி முன்னைவிடச் சுறுசுறுப்பாகக்கூட ஓடும். ஆக்சிலேட்டரை விட்டாலும் வேகம் இறங்கத் தயங்கும். அப்புறம் ஒரு நேர்ச்சாலையில், அறுபதில் போகும்போது, பிஸ்டன் சூடேறி சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். அந்த நொடியில் கிளட்சைப் பிடித்தவர் தப்பிப்பார். டூ-ஸ்ட்ரோக் ஓட்டிப் பழகிய பெரியவர்கள் இடது கையின் இரண்டு விரலைக் கிளட்ச் மேலேயே வைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

எனவே வழிகளை ஒப்பிடும்போது நான் கேட்கும் கேள்வி இதுதான்: இந்த வழியில் போனால் சீலும் பேரிங்கும் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரியவருமா, வராதா?

சென்னையில் வண்டி நின்ற இடம்

கொளத்தூரில் மாடிப்படிக்கு அடியில் நின்ற வண்டியும் திருவொற்றியூரில் கடலைப் பார்த்த வீட்டின் வராண்டாவில் நின்ற வண்டியும் ஒன்றல்ல. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்புக் காற்று முதலில் ஸ்போக்கையும் ரிம்மையும் தின்னும், அப்புறம் வயர் கனெக்டர்களை, அப்புறம் உள்ளே போகும். பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் பக்கம் வெளியில் நின்ற வண்டி என்றால் நான் ஒரு படி கூடுதல் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

வெள்ளம் பார்த்த வண்டி வேறு கணக்கு. 2015 டிசம்பரில் அடையாறு கரையோரத்திலும் முடிச்சூர், வேளச்சேரி பக்கமும் தண்ணீரில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே கதைதான். கார்புரேட்டர் உயரத்துக்கு மேல் தண்ணீர் ஏறிய டூ-ஸ்ட்ரோக் என்றால், அப்போதே பிரித்துக் காயவைத்திருந்தால் ஒழிய, முதல் இரண்டு வழிகளையும் மறந்துவிடலாம். சேற்றுத் தண்ணீர் கிராங்க் அறையில் உட்கார்ந்துவிட்டால் கேஸைப் பிளப்பதைத் தவிர வேறு வழியில்லை. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். நுண்ணிய வண்டல் படிந்திருந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

வழி ஒன்று: சுத்தம் செய்து கிளப்புவது

இதை நான் முழுக்க ஒதுக்கவில்லை. வீட்டுக்குள் நின்ற வண்டி, இரண்டு மூன்று வருடத்துக்குள், கடைசியாக நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது நிறுத்தப்பட்டது, கிக்கர் தடையில்லாமல் இறங்குகிறது என்றால் இது போதும். செலவு நான்கிலக்கத்தில் முடிந்துவிடும். பிளக், பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் கிட், கியர் ஆயில், ஏர் ஃபில்டர், தேவைப்பட்டால் கேபிள்கள்.

ஆனால் செய்யும் முறை முக்கியம். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக்குக்கான ஆயில்) ஒரு மூடி விட்டு, ஒரு ராத்திரி அப்படியே விட வேண்டும். மறுநாள் கிக்கரைக் காலால் உதைக்கக் கூடாது. கையால் மெதுவாக அழுத்த வேண்டும். பிளக் இல்லாததால் சுலபமாக இறங்கும். காதை இன்ஜின் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். மணல் அரைபடுவது போன்ற சத்தமோ, ஒரே இடத்தில் தட்டுப்படும் தடையோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு இரண்டாவது வழிக்குப் போய்விட வேண்டும். சைலன்சரையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். குளவி உள்ளே மண்கூடு கட்டியிருப்பதும், ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி துணியும் பேப்பருமாகக் குடித்தனம் நடத்தியிருப்பதும் சென்னையில் சகஜம்.

கிக்கர் இறங்கவே இல்லை என்றால் இந்த வழி மூடிவிட்டது. மேலே ஏறி நின்று உதைப்பது, நாலாவது கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுவது எல்லாம் வேண்டாம். பிஸ்டன் ரிங் துருப்பிடித்து, சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட் என்ற துளையின் விளிம்பில் மாட்டியிருக்கும் நிலையில் பலம் கொடுத்தால் ரிங் உடைந்து, சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். ஆயில் மட்டும் ஊற்றி மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய சிலிண்டர், உள்ளே குடைந்து பெரிதாக்கும் போரிங் வேலைக்குப் போகும்.

இந்த வழியின் பெரிய குறை நான் மேலே கேட்ட கேள்விக்கு இதில் பதிலே கிடைப்பதில்லை என்பதுதான்.

வழி இரண்டு: மேல்பாதியைக் கழற்றிச் சோதிப்பது

என் வோட்டு பெரும்பாலும் இதற்குத்தான். டூ-ஸ்ட்ரோக்கின் ஹெட்டில் வால்வு, கேம், டைமிங் செயின் எதுவும் கிடையாது. சைலன்சரையும் கார்புரேட்டரையும் கழற்றி, மேலே நாலு நட்டைக் கழற்றினால் ஹெட் வந்துவிடும். அதன்பின் சிலிண்டரையும் தூக்கிவிடலாம். கை பழகிய மெக்கானிக்குக் காபி குடிக்கிற நேர வேலை. இவ்வளவு சுலபமாக உள்ளே பார்க்க முடிகிறபோது பார்க்காமல் விடுவதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

சிலிண்டரைத் தூக்கியதும் மூன்று விஷயம் தெரியும். சுவரில் துரு வளையம் இருக்கிறதா, பிஸ்டனில் செங்குத்தான கீறல் இருக்கிறதா, கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா. பக்கவாட்டில் கொஞ்சம் அசைந்தால் பரவாயில்லை, அதற்காகவே இடைவெளி விட்டிருப்பார்கள். மேல்கீழ் ஆட்டம் விரலுக்குத் தெரிந்தால் கிராங்க் வேலை நிச்சயம். டார்ச் அடித்துக் கிராங்க் அறைக்குள்ளும் பாருங்கள். கறுப்பும் பழுப்புமாக எண்ணெய் பூசியிருந்தால் நல்ல செய்தி. செங்கல் நிறத்தில் பொடி இருந்தால் மூன்றாவது வழிக்குத் தயாராகிவிடலாம்.

பார்த்தது திருப்தியாக இருந்தால் சிலிண்டரைத் திரும்ப மாட்டி, காற்றுச் சோதனை செய்ய வேண்டும். இதைப் பெரும்பாலான கடைகளில் செய்வதில்லை. நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். பெரம்பூரில் ஒரு சின்ன ஷெட்டில், என் மாமாவின் சுசுகி சாமுராய்க்கு இதைச் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பீங்கானை உடைத்தெடுத்த பழைய பிளக் ஒன்றின் கூட்டில் சின்னப் பித்தளைக் குழாயைப் பற்றவைத்து வைத்திருந்தார் மெக்கானிக். அதில் பிபி பார்க்கும் கருவியின் ரப்பர்க் குழாயை மாட்டினார். கார்புரேட்டர் வரும் இடத்தையும் சைலன்சர் வரும் இடத்தையும் லாரி டியூப் துண்டு வைத்து, தகடு போட்டு இறுக்கி அடைத்தார். பிஸ்டனைக் கீழே இறக்கி நிறுத்தினார். அப்போதுதான் கிராங்க் அறையும் சிலிண்டரும் ஒரே அறையாகச் சேரும். அப்புறம் பல்பைப் பிசைந்து முள்ளை 300-க்கு ஏற்றினார். டாக்டர்கள் கணக்கில் 300 மில்லிமீட்டர் என்பது சுமார் 6 பிஎஸ்ஐ. இன்ஜினுக்கு அது போதும், அதற்கு மேல் ஏற்றவும் கூடாது.

முள் நிற்கவில்லை. நிதானமாக இறங்கிக்கொண்டே வந்தது. மெக்கானிக் ஒன்றும் பேசாமல் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவினார். ஹெட் கேஸ்கட்டில் ஒன்றுமில்லை, சிலிண்டர் அடியில் ஒன்றுமில்லை. மேக்னட்டைக் கழற்றி அதன் பின்னால் தடவியபோது, சீலைச் சுற்றிப் பாதி வட்டத்துக்குச் சின்னச் சின்னக் குமிழியாக நுரைத்தது. "பார்த்தீங்களா தம்பி, இது ஸ்டார்ட் ஆகும், நல்லாவும் ஓடும். செங்கல்பட்டு தாண்டாது" என்றார் அவர். அந்தச் சீலை வெளியிலிருந்தே நெம்பி எடுத்துப் புதுசு தட்டிவிட முடிந்தது. மறுபடி காற்றேற்றியபோது முள் அசையாமல் நின்றது. ஒரு நிமிடத்தில் 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கவில்லை என்றால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது பொதுவான கணக்கு. பல்பைத் திருப்பி உறிஞ்சும் பக்கமாகவும் சோதிக்க முடிந்தால் இன்னும் நல்லது. சில சீல்கள் உள்ளிருந்து தள்ளும்போது பிடிக்கும், உறிஞ்சும்போது விட்டுவிடும்.

கிளட்ச் பக்கச் சீல் கசிந்தால் கியர் ஆயில் ஊற்றும் ஓட்டை வழியாகக் காற்று வருவதைக் கேட்கலாம். சில இன்ஜின்களில் அதையும் கிளட்சைக் கழற்றி வெளியிலிருந்தே மாற்றலாம். வேறு சிலவற்றில் சீலின் விளிம்பு கேஸின் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும், பிளந்தால்தான் வரும். வேலையைத் தொடங்கும் முன்பே உங்கள் இன்ஜின் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வழி மூன்று: முழுசாகப் பிளப்பது

செலவு ஐந்திலக்கத்துக்குப் போகும். நாளும் பிடிக்கும். ஆனால் ராடு ஆடினாலோ, கிராங்க் அறையில் துரு தெரிந்தாலோ, வெள்ளம் ஏறியிருந்தாலோ இதில் பேரம் கிடையாது.

இந்த வழியின் தரம் முழுக்க லேத் வேலையில்தான் இருக்கிறது. கிராங்கை அழுத்திப் பிரித்து, புது ராடு கிட் போட்டு, திரும்ப அழுத்திச் சேர்த்தபின், இரண்டு பக்கத் தண்டும் ஒரே நேர்கோட்டில் சுழல வேண்டும். நுண்ணிய விலகலை முள்ளில் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்த்து 0.03 மில்லிமீட்டருக்குள் கொண்டுவர வேண்டும் என்பது பல ஜப்பானிய இன்ஜின்களுக்கான அளவு. சுத்தியலால் தட்டித் தட்டி நேர் செய்வதும் முறையான வேலைதான், ஆனால் தட்டுபவர் பக்கத்தில் டயல் கேஜ் இருக்க வேண்டும். அளவு பார்க்காமல் கண்மதிப்பில் சேர்த்த கிராங்க், கைப்பிடியிலும் ஃபுட்ரெஸ்டிலும் அதிர்வாகத் தெரியும். புது பேரிங்கையும் சீக்கிரம் தின்னும். பேரிங் வாங்கும்போது சி3 என்று குறியிட்டதைக் கேளுங்கள். சூட்டில் விரியும் கிராங்க் பேரிங்குக்கு உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி தேவை, அந்தக் குறி அதைத்தான் சொல்கிறது. சாதாரண பேரிங் பார்க்க அப்படியே இருக்கும்.

சிலிண்டருக்கு 0.25, 0.50 மில்லிமீட்டர் பெரிதான ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கும். முதலில் பிஸ்டனை வாங்கி, அதைக் கையில் கொடுத்து, அதற்கு ஏற்ப போரிங் செய்யச் சொல்ல வேண்டும். போரிங்கை முடித்துவிட்டுப் பிஸ்டன் தேடுவது தலைகீழ் வேலை. போரிங் முடிந்ததும் போர்ட்டுகளின் கூர் விளிம்பை மழுக்கினார்களா என்று விரலை விட்டுப் பாருங்கள். மழுக்காமல் விட்டால் ரிங் மாட்டும்.

பெயின்ட்டையும் குரோமையும் இதோடு சேர்த்துச் செய்துவிடலாம் என்று பலருக்கு ஆசை வரும். நான் வேண்டாம் என்பேன். இன்ஜின் ஓடி, சில நூறு கிலோமீட்டர் பார்த்து, எங்கெங்கே கசிகிறது என்று தெரிந்தபின் பெயின்ட்டுக்குப் போகலாம். பளபளக்கும் டேங்கோடு, ஓடாத இன்ஜினோடு, பணம் தீர்ந்து நிற்கும் வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். மனசு கஷ்டமாக இருக்கிறது.

வழி நான்கு: புதுப்பேட்டை இன்ஜின்

புதுப்பேட்டைக்குப் போனால் கழற்றிய இன்ஜின் அப்படியே கிடைக்கும். ஒரே நாளில் மாட்டி ஓட்டிவிடலாம் என்பது உண்மை. ஆனால் அந்த இன்ஜினின் சீலும் பேரிங்கும் எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் சொந்த இன்ஜினைப் பற்றித் தெரிந்ததைவிடக் குறைவாகவே தெரியும். ஆர்சியில் இருக்கும் இன்ஜின் நம்பரும் வண்டியில் இருப்பதும் மாறிவிடும். ஆர்டிஓவில் முறைப்படி பதியாமல் ஓட்டினால் அடுத்த எஃப்சியில், அதாவது தகுதிச் சோதனையில், மாட்டிக்கொள்வீர்கள். அது திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்துவிட்டால் போலீஸ் வழக்கு வரை போகும். ஆர்எக்ஸ் 100-க்கு இருக்கும் கிராக்கியில் இந்தப் பயம் வீண் பயம் இல்லை.

ஆனால் உதிரிக்கு அந்தத் தெரு பொக்கிஷம். கிளட்ச் கவர், கிக்கர் தண்டு, கார்புரேட்டர் கூடு, புதுசு வராத ஒரிஜினல் சிலிண்டர் எல்லாம் அங்கே தேடலாம். புது சாமான் என்றால் ஜி.பி. ரோடு. அங்கேயும் ஒரிஜினல், கம்பெனி மாற்று, மலிவு நகல் என்று மூன்று தரம் ஒரே அலமாரியில் இருக்கும். சீலிலும் ரிங்கிலும் மட்டும் மலிவானதைத் தொடாதீர்கள்.

உதிரி கிடைப்பதில் வண்டிக்கு வண்டி வித்தியாசம் உண்டு. 1985 முதல் 1996 வரை வந்த ஆர்எக்ஸ் 100-க்குப் பிரச்சினையே இல்லை; நகல்தான் தொல்லை. 1996-இல் மைசூர் ஆலை மூடிய பிறகும் யெஸ்டிக்குப் பிரியர்கள் அதிகம் என்பதால் சாமான் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. ஓசூரிலிருந்து வந்த சுசுகி வண்டிகளுக்கும் ஓரளவு கிடைக்கும். நம் சென்னை என்ஃபீல்டின் மினி புல்லட், ஃப்யூரி இரண்டுக்கும்தான் தேடித் தேடிக் கால் தேயும். உங்களிடம் அவற்றில் ஒன்று இருந்தால், கெட்டது என்று எந்தப் பழைய பாகத்தையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மாதிரிக்காவது வேண்டும்.

டேங்கும் பெட்ரோலும்

எந்த வழியில் போனாலும் இது பொது. டேங்க் உள்ளே துரு லேசாக இருந்தால் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், வெந்நீரில் கரைத்து ஒரு நாள் ஊறவிட்டால் போதும். பிறகு சோடா உப்புத் தண்ணீரில் அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, உடனே டூ-டி ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் சென்னை ஈரத்தில் புதுத் துரு ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாமல் மாசிக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது. டேங்க் ஓட்டை என்றால், பெட்ரோல் வாசம் போய்விட்டது என்று நம்பி யாரையும் வெல்டிங் வைக்க விடாதீர்கள். காலி டேங்கில் தங்கிய ஆவி வெடிக்கும். பழைய டேங்க் வேலை தெரிந்தவர்கள் தண்ணீர் நிரப்பி, வேலை செய்யும் இடத்தை மட்டும் மேலே வைத்துப் பற்றவைப்பார்கள்.

வண்டி நின்ற காலத்துப் பெட்ரோலும் இன்றைய பெட்ரோலும் வேறு. 2023-இலிருந்து 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்ப வைக்கும், டேங்கில் ஒட்டியிருந்த பிசினைக் கரைத்துக் கார்புரேட்டருக்கு அனுப்பும். கலவையையும் கொஞ்சம் மெலிய வைக்கும். எனவே பெட்ரோல் டியூப், ஃப்ளோட் ஊசி, டேப் வாஷர் எல்லாம் புதுசு போட்டாக வேண்டும். பிளக் நிறம் வெளுத்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்க வேண்டும். ஜெட்டின் ஓட்டையைக் கம்பியால் குத்தாதீர்கள். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்தால் போதும். பழைய பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டவும் வேண்டாம்.

காகிதம்

இன்ஜினுக்குப் பணம் செலவழிக்கும் முன் ஆர்சியை எடுத்துப் பாருங்கள். 15 வருடம் தாண்டியிருந்தால் படிவம் 25 கொடுத்து ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் வேண்டும். அப்பா பெயரில் இருந்து அவர் தவறிவிட்டால் படிவம் 31 வழியாகப் பெயர் மாற்ற வேண்டும். வின்டேஜ் என்ற தனிப் பதிவு 50 வருடம் ஆன வண்டிக்குத்தான். ஆர்எக்ஸ் 100 எதுவும் அந்த வயதை இன்னும் தொடவில்லை. ஆர்சியே இல்லாத, சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க முடியாத வண்டி என்றால், எவ்வளவு அழகான வண்டியாக இருந்தாலும் பணம் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

என் தேர்வு

வீட்டுக்குள், குறுகிய காலம், கிக்கர் தாராளமாக இறங்குகிறது என்றால் முதல் வழி, ஆனால் காற்றுச் சோதனையை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் நின்ற, வெள்ளம் பார்க்காத எந்த வண்டிக்கும் இரண்டாவது வழிதான் தொடக்கம். மூன்றாவது வழிக்குப் போக வேண்டுமா என்பதை அந்தச் சோதனையே சொல்லிவிடும். மெக்கானிக் எடுத்த எடுப்பிலேயே "ஃபுல்லா பிரிச்சிடலாம் சார்" என்றால், காரணத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டக்கூடிய காரணம்தான் அது. "ஒன்றும் தேவையில்லை, அப்படியே ஓட்டுங்க" என்றாலும் அதே கேள்விதான். நான்காவது வழியை, கேஸே உடைந்துபோன வண்டிக்கு மட்டும், பில்லோடும் ஆர்டிஓ பதிவோடும் யோசிக்கலாம்.

வேலை முடிந்து முதல் டேங்குக்கு, பெட்ரோலில் கலந்து ஓட்டும் வண்டி என்றால் லிட்டருக்கு 40 மில்லி ஆயில். ஆயில் பம்ப் உள்ள வண்டி என்றாலும், பம்ப் சரியாக வேலை செய்கிறது என்று நிச்சயமாகும்வரை பெட்ரோலிலும் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கத் தேதி இருக்கும். 2309 என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ரப்பர் எவ்வளவு தடிமனாக மிஞ்சியிருந்தாலும் அப்படிப்பட்ட டயரோடு மெயின் ரோட்டுக்குப் போகாதீர்கள். பிரேக் ஷூவையும் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள். முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றியே இருக்கட்டும். ஒரே வேகத்தில் ரொம்ப நேரம் பிடிக்காமல், ஆக்சிலேட்டரை அடிக்கடி ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். திரும்பி வந்து இன்ஜின் ஆறியதும் ஹெட் நட்டை மறுபடி இறுக்கிப் பாருங்கள், கியர் ஆயில் அளவைப் பாருங்கள், பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். காப்பிப் பழுப்பாக இருந்தால் அடுத்த வாரம் கொஞ்சம் தள்ளிப் போகலாம். வெள்ளையாக இருந்தால், சோப்புத் தண்ணீரையும் பிரஷ்ஷையும் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.